பழைய பூனை இருக்கும் வீட்டுக்குப் புதுப் பூனையைக் கொண்டுவருவது எப்படி

போன கார்த்திகை மழையில் எங்கள் அடுக்ககத்தின் கீழே, ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் பூனைக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நாலு மாதம் இருக்கும், செம்பட்டை நிறம். தூக்கிவந்து, துவட்டி, நேராக ஹாலில் இறக்கிவிட்டேன். அந்த ஹாலை ஆறு வருடமாக ஆண்டுகொண்டிருந்தவள் மிளகு, எங்கள் கறுப்புப் பூனை. “ரெண்டு நாள் சண்டை போடும், அப்புறம் தானே பழகிக்கும்” என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

மிளகு பரணில் ஏறியவள் மறுநாள் சாயங்காலம் வரை இறங்கவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் என் தலையணையில் மூத்திரம் போனாள். நாலாம் நாள் இரண்டும் உருண்டு புரண்டபோது பிரிக்கப் போனேன். வாலைப் பிடித்து இழுத்தது குட்டி, கடிபட்டவள் நான். அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் ஒழுங்காகக் கேட்டு, குட்டியை ஓர் அறைக்குள் மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். ஏழு வாரம் ஆனது. முதல் நாளே சரியாகச் செய்திருந்தால் அதில் பாதிதான் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். குட்டிக்கு சுக்கு என்று பெயர் வைத்தோம். (திப்பிலி என்ற பெயரும் கைவசம் இருக்கிறது. அம்மா அனுமதி தரவில்லை.)

நீங்கள் இன்னும் குட்டியை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை என்றால் அதிர்ஷ்டசாலி. இங்கிருந்தே தொடங்கலாம். என்னைப் போல ஹாலில் இறக்கிவிட்டு இப்போது வழி தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இப்போதே பிரித்து வைத்துவிட்டு முதல் படிக்குப் போங்கள்.

1. நாள் பார்த்துத் தொடங்குங்கள்

பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் வேண்டாம். வெடிச் சத்தத்தில் இருக்கிற பூனையே கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வாரமும் வேண்டாம். விருந்தாளி வருகிற நாள், வீடு மாறுகிற மாதம், நீங்கள் ஊருக்குப் போகிற வாரக்கடைசி எதுவும் வேண்டாம். முதல் மூன்று வாரம் வீட்டில் தினமும் ஓர் ஆளாவது காலையும் மாலையும் அரை மணி நேரம் ஒதுக்க முடிய வேண்டும்.

உங்கள் பழைய பூனைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகி, மூட்டு வலியோடு ஏறி இறங்குகிறது என்றால், துள்ளிக் குதிக்கிற குட்டியைக் கொண்டுவருவது அதற்குத் துணை ஆகாது, தொல்லைதான். வயதும் சுறுசுறுப்பும் ஓரளவு ஒத்துப்போகிற ஜோடிதான் சீக்கிரம் பழகும். குடும்பக் கட்டுப்பாடு செய்யாத கடுவன் பழைய பூனையாக இருந்தால், முதலில் அதற்கு அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு, நாலைந்து வாரம் பொறுத்துத் தொடங்குங்கள். சிகிச்சை முடிந்த அன்றே குணம் மாறிவிடாது. உடம்பில் இருக்கிற ஹார்மோன் வடிய நாளாகும்.

2. வீட்டுக்கு முன் மருத்துவமனை

நான் தவறவிட்டதில் பெரியது இதுதான். தெருக்குட்டி எதைக் கொண்டுவருகிறது என்று பார்வைக்குத் தெரியாது. பயப்பட வேண்டியது பான்லூக்கோபீனியா என்கிற வைரஸ் நோய்க்கு: வாந்தி, பேதி, சோர்வு, குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். தொற்றிய குட்டியும் முதல் சில நாள் ஆரோக்கியமாகவே தெரியும். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட, உயிரோடு இருக்கும். உங்கள் பழைய பூனையின் தடுப்பூசி காலாவதி ஆகியிருந்தால் முதல் வேலை அதைப் போடுவது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

முதலாவது, எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. ரத்தப் பரிசோதனை. இரண்டும் பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிற வைரஸ்கள். சில சொட்டு ரத்தம்தான், கால் மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். ஒரு கணக்கு மட்டும் நினைவிருக்கட்டும். எஃப்.இ.எல்.வி. அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எஃப்.ஐ.வி. இருப்பதாக வந்தால் உடனே இடிந்து போகாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அப்படிக் காட்டக்கூடும். வளர்ந்த பிறகு மறு சோதனை செய்வார்கள்.

இரண்டாவது, தடுப்பூசி. ட்ரைகேட், அதாவது பான்லூக்கோபீனியாவையும் சளி உண்டாக்குகிற இரண்டு வைரஸ்களையும் தடுக்கிற கூட்டு ஊசி, எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை போடுவார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்த பிறகு. தேதி, ஊசியின் ஸ்டிக்கர், மருத்துவரின் கையெழுத்து மூன்றும் தடுப்பூசிப் புத்தகத்தில் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். எனக்கு ஒரு தடவை ஸ்டிக்கர் ஒட்டாமல் கொடுத்து, அதற்காக மறுபடி ஆட்டோ பிடித்தேன். சென்னையில் செல்லப்பிராணி உரிமத்துக்கு விண்ணப்பிக்க இந்தப் புத்தகம்தான் முதல் ஆவணம். உரிமம் நாய்க்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், பூனைக்கும் உண்டு. அதோடு உங்கள் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் தயாராக இருக்கட்டும். பூனை பிடிபடாமல் ஓடுவதற்குள் ஒரு நல்ல புகைப்படமும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, குடற்புழு, தெள்ளுப்பூச்சி, காதுப்பூச்சி, படர்தாமரை. படர்தாமரை மனிதர்களுக்கும் ஒட்டும். அம்மாவின் முழங்கையில் வட்டமாகச் சிவந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கு விற்கிற மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. அதில் பல வகைகளில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம். கடைக்காரர் “ரெண்டுக்கும் ஒண்ணுதான்” என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

என் கணக்கு நோட்டில் இருப்பது இது. மூன்று முறை பார்வைக் கட்டணம் 1,200, ட்ரைகேட் இரண்டு தடவை 1,900, ரேபிஸ் 350, ரத்தப் பரிசோதனை 1,800, புழு மருந்தும் தெள்ளுப்பூச்சி மருந்தும் 600, ஆறாம் மாதம் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை 4,500, மண் பெட்டி வகையறா 1,100, கதவுக்கு வலை 650. மொத்தம் 12,100 ரூபாய். இது தனியார் மருத்துவமனைக் கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செலவு குறைவு, கூட்டம் அதிகம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். கேரியர் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி எடுத்துப் போனால், வரிசையில் நிற்கிற நாய்களைப் பார்த்துப் பூனை மிரளாது.

3. புதியவருக்குத் தனி அறை, குறைந்தது இரண்டு வாரம்

அடைத்து வைக்க வேண்டியது புதுப் பூனையை. பழைய பூனையை அறைக்குள் போட்டுவிட்டுக் குட்டியை வீடு சுற்ற விடுவது, வீட்டுக்காரியைத் திண்ணையில் உட்கார வைத்த கதை ஆகிவிடும்.

அறைக்குள் சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர், மண் பெட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நகம் கீறச் சணல் கயிறு சுற்றிய கட்டை. மண் பெட்டியும் தட்டும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். கதவின் அடி இடுக்கை முதல் வாரம் பழைய துண்டால் அடைத்துவிடுங்கள். உள்ளே போய்வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேலே போட்டிருந்த சட்டையை மாற்றுங்கள். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பால்கனி உள்ள அறை என்றால் புறா வலை கட்டாமல் விடாதீர்கள்.

ஒரே படுக்கையறை உள்ள வீடா? நாய்க்கு விற்கிற பெரிய மடக்குக் கூண்டு ஒன்றை வாங்கி, மூன்று பக்கம் போர்வையால் மூடி, பழைய பூனை அதிகம் போகாத மூலையில் வைக்கலாம். ஆனால் ஒரே காற்றுதான், தொற்றைத் தடுக்காது. அப்படியானால் இரண்டாம் படியில் சோதனை எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

தரை துடைக்கிற விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பினாயில், டெட்டால் இரண்டும் பூனைக்கு ஆகாது. காலில் பட்டதை நக்கி உள்ளே தள்ளிவிடும். பான்லூக்கோபீனியா சந்தேகம் இருந்தால், அழுக்கை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு (பவுடர் இல்லை) 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் காயவிடுங்கள். பூனையை அதுவரை வேறு இடத்தில் வையுங்கள். மற்ற நாளில் வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

இந்த இரண்டு வாரமும் பழைய பூனைக்கு எதுவும் குறையக் கூடாது. அது தூங்குகிற நாற்காலி, சாப்பிடுகிற நேரம், நீங்கள் விளையாட்டுக் காட்டுகிற பதினைந்து நிமிடம் எல்லாம் பழையபடி.

4. முகத்துக்கு முன் மோப்பம்

மொத்த வேலையின் சாவி இங்கேதான் இருக்கிறது. பூனைக்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, தன் வாசனை படிந்த இடம். கன்னம், தாடை, நெற்றிப் பக்கத்தில் இருக்கிற சுரப்பிகளை நாற்காலிக் காலிலும் உங்கள் காலிலும் தேய்த்து அது எழுதி வைக்கிற பட்டா அது. அந்தப் பட்டாவில் இரண்டாவது பெயரை மெதுவாகச் சேர்க்க வேண்டும். நான் முதல் நாளே மிளகின் கண் முன்னால் சுக்கைக் காட்டினேன். அவளுக்கு அது பெயர் தெரியாத அந்நியன், அவ்வளவுதான்.

குட்டியின் கன்னத்தைப் பழைய பனியன் துணியால் நாலு தடவை தடவுங்கள். அந்தத் துணியைப் பழைய பூனையின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளிப் போடுங்கள். மூக்கின் கீழே கொண்டுபோய் நீட்டாதீர்கள். மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தால் நல்ல செய்தி. சீறினால் துணியை இன்னும் தள்ளிப் போட்டு மறுநாள் பாருங்கள். அதே போல மிளகு தேய்த்த துணி சுக்கின் அறைக்கு. மிளகு முதல் மூன்று நாள் அந்தத் துணியைப் பார்த்தே சீறினாள், ஐந்தாம் நாள் அதன் மேல் படுத்துக்கொண்டாள். சண்டையே வராது என்று அதற்கு அர்த்தமில்லை, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று அர்த்தம்.

அப்புறம் இடம் மாற்றுங்கள். இரண்டு வாரம் கழிந்து, மருத்துவரும் சரி சொன்ன பிறகு, பழைய பூனையை வேறு அறையில் வைத்துவிட்டுக் குட்டியை ஒரு மணி நேரம் ஹாலில் சுற்ற விடுங்கள். அந்த நேரம் பழைய பூனை குட்டியின் அறையை ஆராயட்டும். நேருக்கு நேர் பார்க்கக் கூடாது.

எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுவார். ஒரு வாரம் பாடுபட்டுப் பரப்பிய வாசனை ஒரே புகையில் மூடிப்போகும், சளி பிடித்த குட்டிக்கு மூச்சும் திணறும். ஒரு மாதத்துக்கு ஊதுபத்தியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி, அதையும் பூஜை அலமாரிக் கதவைச் சாத்தியபடி, ஒருவழியாகச் சமரசம் ஆனது.

5. கதவுக்கு இரு பக்கமும் சாப்பாடு

நாள் முழுக்கத் தட்டில் உணவு கிடக்கிற வழக்கம் இருந்தால் இப்போது நிறுத்துங்கள். வேளைக்கு வேளை, பசியோடு வரவேண்டும். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, முதல் நாள் கதவிலிருந்து ஆறடி தள்ளி. நிம்மதியாகத் தின்றால் அடுத்த வேளை அரையடி முன்னால். தின்பதை நிறுத்திக் கதவை முறைத்தால் ஒரு படி பின்னால்.

இருப்பதிலேயே பிடித்த தீனியை இந்த நேரத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். மிளகுக்கு உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து முள் எடுத்த சங்கரா மீன். கருவாடு வைத்தால் கதவையே மறந்துவிடுவாள், ஆனால் அந்த உப்பு பூனைக்கு ஆகாது. வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்பு மீனும் கூடாது.

எங்களுக்கு இந்தப் படி மட்டும் பன்னிரண்டு நாள் பிடித்தது. இரண்டு பூனைகளில் எது தயங்குகிறதோ, அதன் வேகம்தான் உங்கள் வேகம்.

6. வலைக்கு இப்பால் பார்க்கட்டும்

கொசுவலைக் கதவோ கிரில் கதவோ உள்ள அறை என்றால் செலவே இல்லை. கிரில் கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்துவிடாமல் மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் ஜன்னலுக்கு விற்கிற கெட்டியான வலையை வெல்க்ரோ பட்டையால் கதவு நிலையில் ஒட்டலாம். நான் அப்படித்தான் செய்தேன். மெல்லிய நைலான் வலை வேண்டாம், பெரிய பூனை ஒரு பாய்ச்சலில் கிழித்துவிடும்.

முதலில் வலையின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அடியில் நாலு விரல் அளவு மட்டும் திறந்து, இரு பக்கமும் தீனி. ஐந்து நிமிடம், முடிந்தது. நாளுக்கு நாள் போர்வையை உயர்த்துங்கள்.

சீறலுக்குப் பயந்துவிடாதீர்கள். ‘தள்ளிப் போ’ என்று சொல்லுகிற மொழி அது. சொல்லிவிட்டுத் தானே திரும்பி உட்கார்ந்தால் நல்லதுதான். பயப்பட வேண்டியது சத்தமில்லாத முறைப்புக்கு. உடம்பைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடித்து, வால் நுனி மட்டும் துடிக்க, கண் இமைக்காமல் பார்த்தால் அடுத்தது பாய்ச்சல்தான். நடுவில் ஓர் அட்டையை நுழைத்துப் பார்வையை மறையுங்கள், அன்றைக்கு அத்தோடு சரி. அதட்ட வேண்டாம், தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். ‘அவன் வந்தால் எனக்கு அடி விழுகிறது’ என்றுதான் அது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

7. ஒரே அறையில், உங்கள் கண் முன்னால்

வலைக்கு இரு பக்கமும் ஒரு வாரம் அமைதியாகத் தின்ற பிறகு இது. முந்தின நாள் இரண்டுக்கும் நகம் வெட்டுங்கள். குட்டியை முதலில் கால் மணி நேரம் விளையாடவிட்டுக் களைப்பாக்குங்கள். வீட்டில் இரண்டு பேர் இருங்கள், ஆளுக்கு ஒரு பூனை. பழைய பூனை ஏறிக்கொள்ள அலமாரி மேலோ மேஜை மேலோ இடம் இருக்கட்டும். ஒரே வழி உள்ள மூலைகளை, கட்டிலின் அடியை, அடைத்துவிடுங்கள்.

யாரையும் கையில் தூக்கி வைத்து “பாரு, தம்பி வந்திருக்கான்” என்று அறிமுகம் செய்யாதீர்கள். தப்பிக்க வழி இல்லாத பூனை உங்கள் கையைத்தான் கிழிக்கும்.

முதல் நாள் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து, இருபது. ஒழுங்காகப் போகும்போதே முடித்துவிடுங்கள். துரத்தல், கட்டிப் புரளல் எல்லாம் சண்டை இல்லை. முறை மாற்றித் துரத்தினால், சத்தம் இல்லாமல் புரண்டால், விட்டுவிட்டு மறுபடி வந்தால் விளையாட்டு. ஓலம், பறக்கிற முடி, ஒன்று மட்டுமே எப்போதும் ஓடி ஒளிவது, இதெல்லாம் சண்டை. அப்போது நடுவில் தலையணையையோ அட்டையையோ நுழையுங்கள், கையை நுழைக்காதீர்கள். பிரித்த பிறகும் பல மணி நேரம் கோபம் இறங்காது. தொட்டுச் சமாதானப்படுத்தப் போனால் அந்தக் கோபம் உங்கள் மேல் திரும்பும்.

கடித்தால், கீறினால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். எனக்கு 0, 3, 7, 28 என்று நாலு நாள் போட்டார்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் வைக்கும். சுக்குக்கு அப்போது ஊசி போடவே இல்லை என்பதும் அவசரத்துக்கு ஒரு காரணம்.

8. எப்போது மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும்

பெரிய பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பட்டினி இரண்டு மூன்று நாள் நீண்டால், முக்கியமாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை மண் பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கிவிட்டு, மூத்திரம் வராமலோ சொட்டுச் சொட்டாகவோ இருந்தால் அது நடுராத்திரி ஆனாலும் அவசரம்தான். மன உளைச்சலால் சிறுநீர்ப்பை வீங்கி வழி அடைத்துக்கொள்கிற சமயம் இது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

9. தனியே விடுவது

ஒரு வாரம் தொடர்ந்து சண்டை இல்லாமல் போன பிறகு, நீங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்வருகிற பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். இரவில் சேர்த்து விடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. பூனைகள் அந்தி சாயும்போதும் விடியும்போதும்தான் துடிப்பாக இருக்கும், நீங்கள் அப்போது அசந்து தூங்கிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் சுக்கை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தன் அறையிலேயே ஒரு வாரம் அதிகமாக வைத்துக்கொண்டார். அதனால் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை.

ஆறு மாதம் ஆனதும் குட்டிக்குக் குடும்பக் கட்டுப்பாடு. தள்ளிப்போட்டால் கடுவன் சுவரெல்லாம் பீய்ச்சத் தொடங்கும். மருத்துவமனையிலிருந்து திரும்புகிற பூனைக்கு மருந்து வாசனை அடிக்கும். பழைய பூனை அடையாளம் தெரியாமல் சீறலாம். மறுபடி இரண்டு நாள் தனி அறை, துணி, கதவோரச் சாப்பாடு. இந்த முறை சீக்கிரம் முடிந்துவிடும்.

மண் பெட்டி இரண்டு பூனைக்கு மூன்று, மூன்றும் வேறு வேறு இடத்தில். வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான். வாசலில் ஒன்று உட்கார்ந்துகொண்டால் மற்றது போக முடியாது. தண்ணீர்க் கிண்ணமும் இரண்டு இடத்தில். மூன்று பெட்டி இடத்தை அடைக்கிறதே என்று இரண்டாம் மாதம் பால்கனியில் இருந்ததை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலை என் தலையணை மறுபடி நனைந்திருந்தது. பெட்டி பால்கனிக்குத் திரும்பிவிட்டது, இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.